பனிக்கால வாழ்த்து அட்டை: ஸ்டாம்ப் திட்டுத்திட்டாக விழுகிறது, அட்டை வளைகிறது, உறைக்குள் 5 மி.மீ. தாண்டுகிறது

நீலத்தாள்:

வணக்கம். இங்கிலாந்துக்குள் தபாலில் அனுப்ப 40 வாழ்த்து அட்டைகள் செய்ய வேண்டும். ஏ6 அளவு, சி6 உறை. அமைப்பு இதுதான்: அடியில் கருநீல 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) அட்டை, மேலே வெள்ளை விளிம்புத் தாள், அதற்கு மேல் டிஸ்ட்ரஸ் இங்க் (தேய்த்துக் கலக்கும் மை) தேய்த்த இரவு வானம். வானத்தில் வெள்ளை எம்பாஸிங் பவுடரில் (சூட்டில் உருகிப் புடைப்பாக நிற்கும் தூள்) பனித்துகள்கள். கீழ்ப்பாதியில் ஒன்றன்முன் ஒன்றாக மூன்று பனிமேடுகள், அவற்றில் ஸ்டாம்ப் அடித்த பைன் மரங்கள். ஒரு சின்னப் பட்டையில் வாழ்த்து வரி.

மாதிரி அட்டையில் வந்த சிக்கல்கள்: ஒளி ஊடுருவும் புது ஸ்டாம்ப் (அக்ரிலிக் கட்டையில் ஒட்டி அடிக்கும் வகை) மரத்தைத் திட்டுத்திட்டாகப் பதிக்கிறது. வெள்ளைப் பவுடர் பனித்துகளில் மட்டும் ஒட்டாமல் வானம் முழுக்க ஒட்டிக்கொள்கிறது. எல்லாவற்றையும் ஒட்டிக் காயவிட்டால் முன்பக்கம் உள்நோக்கி வளைந்து, அட்டை நிற்க மறுக்கிறது. ஒவ்வொரு மேட்டுக்கும் 2 மி.மீ. ஃபோம் டேப் (தாளைத் தூக்கி நிறுத்தும் மெத்தென்ற ஒட்டு நாடா) வைத்ததில், உறையில் போட்டால் ராயல் மெயில் சாதாரணக் கடிதத்துக்கு அனுமதிக்கும் 5 மி.மீ. கனத்தைத் தாண்டிவிடுகிறது.

கையில் இருப்பவை: ட்ரிம்மர் (தாள் வெட்டி), போன் ஃபோல்டர் (மடிப்புக்கோடு அழுத்தும் கருவி), ஹீட் கன் (சூடான காற்று ஊதும் கருவி), மெமென்ட்டோ, வெர்சாமார்க் (பவுடர் ஒட்டுவதற்கான நிறமில்லாத மை) இங்க் பேடுகள். டை கட்டிங் மெஷின் (தாளை வடிவங்களாக வெட்டும் இயந்திரம்) இல்லை. வாழ்த்து வரியைத் தமிழில் போட ஆசை. அந்த மாதிரி ஸ்டாம்ப் எங்கும் கண்ணில் படவில்லை.

மைவிரல்:

ஸ்டாம்ப், பவுடர் இரண்டையும் நான் சொல்றேன். வெட்டு, ஒட்டுக்கு இங்க வேற ஆள் இருக்காங்க.

உங்களோட மாதிரி ஒளி ஊடுருவும் புது ஃபோட்டோபாலிமர் ஸ்டாம்போட மேல்பரப்புல, வார்க்கும்போது தங்கின வழவழப்பு இருக்கும். இங்க் அதுமேல பரவாம துளித்துளியா ஒதுங்கி நிக்கும். நீங்க பாக்கிற திட்டு அதுதான். வெள்ளை ரப்பரை வச்சு ஸ்டாம்ப் முகத்தை லேசா, எல்லாப் பக்கமும் தேய்ங்க. பளபளப்பு போய் கொஞ்சம் மங்கலா தெரிஞ்சா போதும். சோப்புத் தண்ணில கழுவி நல்லா உலர்த்திட்டு அடிங்க. சால்வென்ட் இங்க்குக்குனு விக்கிற கிளீனரை இந்த வகை ஸ்டாம்ப் பக்கம் கொண்டுபோகாதீங்க, பரப்பு பிசுபிசுத்துப் பாழாகலாம்.

அடுத்தது அடியில் மெத்தை. சிவப்பு ரப்பர் ஸ்டாம்புக்கு முதுகுலயே ஃபோம் இருக்கும், அதனால மேஜை மேல வச்சே அடிக்கலாம். உங்களோடதுக்கு அது கிடையாது. தாளுக்கு அடியில 2 மி.மீ. கைவினை ஃபோம் ஷீட்டோ பழைய மவுஸ் பேடோ வைங்க. ஸ்டாம்பை இங்க் பேட்ல அமுக்காதீங்க. ஸ்டாம்பைக் கவுத்து வச்சு, பேடை எடுத்து அதுமேல மெதுவா ஏழெட்டுத் தட்டு தட்டணும். அமுக்கினா இங்க் கிளைகளுக்கு நடுவுல இறங்கி, மரம் தடிச்சு விழும். தாள்ல வச்சதும் ஆட்டாம நேரா அழுத்தி நேரா தூக்குங்க.

மரத்துக்கு டிஸ்ட்ரஸ் இங்க் போடாதீங்க. தேய்க்கறதுக்கு அது அருமை, ஆனா ஒளி ஊடுருவும் ஸ்டாம்ப்ல எவ்வளவு பழகினாலும் துளிதுளியாத்தான் நிக்கும். மெமென்ட்டோ வச்சிருக்கீங்களே, அதுல நார்தர்ன் பைன் நிறம் இந்த வேலைக்குச் சரியா இருக்கும். தாளும் முக்கியம். சொரசொரப்பான வாட்டர்கலர் தாள்ல பள்ளத்துக்கு இங்க் எட்டாது. வழவழப்பான, ஆனா மினுமினுப்புப் பூச்சு இல்லாத அட்டையா எடுங்க.

இப்போ பவுடர். டிஸ்ட்ரஸ் இங்க் சீக்கிரம் காயாம இருக்கணும்னே செஞ்சது, கலந்து தேய்க்க நேரம் கிடைக்கட்டும்னு. தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். பவுடருக்கு அந்த ஈரமே போதும், வானம் பூரா ஒட்டிக்கும். அதனால வரிசையை மாத்துங்க: முதல்ல எம்பாஸிங், அப்புறம் வானம்.

வெறும் வெள்ளைத் தாளை ஆன்டி-ஸ்டாட்டிக் பவுடர் பையால ஒருதரம் துடைச்சிடுங்க. பை இல்லைன்னா மெல்லிய துணில கொஞ்சம் டால்கம் பவுடரைக் கட்டி ஒத்தினா போதும். வெர்சாமார்க்ல பனித்துகளை அடிச்சு, *நிறமில்லாத* எம்பாஸிங் பவுடரைத் தூவி, அதிகப்படியைத் தட்டிவிட்டுச் சூடு காட்டுங்க. அதுக்கப்புறம் மேல நீலத்தைத் தேய்ச்சா, உருகின பவுடர் இங்கை உள்ளே விடாது. அடியில இருக்கிற தாளோட வெள்ளையே பனித்துகளா நிக்கும். மேல தங்கின நீலத்தை உலர்ந்த டிஷ்யூவால துடைச்சா பளிச்னு வந்துடும். வெள்ளைப் பவுடரே தேவையில்லை.

ஹீட் கன்னைத் தாளுக்கு வெளியே பத்துப் பதினஞ்சு வினாடி சூடாக விட்டுட்டு உள்ளே கொண்டுவாங்க. சூடு ஏறாத காத்து பட்டா பவுடர் பறக்கும், அப்புறம் உருகாது. பவுடர் பளபளன்னு மாறின இடத்தை விட்டு உடனே நகரணும். அங்கேயே நின்னீங்கன்னா தாளுக்குள்ள இறங்கி எண்ணெய்க் கறை மாதிரி ஆயிடும். தாளும் சுருளும்.

அரைமில்லி:

வளைவுக்கும் கனத்துக்கும் வருகிறேன். முதலில் அளவுகள்.

ஏ4 அட்டையை 148.5 மி.மீ.இல் குறுக்கே வெட்டினால் 210 × 148.5 துண்டு இரண்டு. ஒவ்வொன்றையும் 105இல் மடித்தால் ஏ6. ஆக 40 அட்டைக்கு 20 தாள். விளிம்புத் தாள் 99 × 142, சுற்றிலும் 3 மி.மீ. நீலம் தெரியும். வானத் தாள் 95 × 138, அதைச் சுற்றி 2 மி.மீ. வெள்ளை தெரியும். இவை இரண்டும் ஏ4 ஒன்றுக்கு நான்கு வீதம் வரும், தலா 10 தாள். ட்ரிம்மரில் ஒரே அளவுக்கு உரிய எல்லா வெட்டுகளையும் முடித்த பிறகே அடுத்த அளவுக்குப் போங்கள். ஒவ்வோர் அட்டைக்கும் அளவை மாற்றி மாற்றி வெட்டினால் அரை மி.மீ. இங்கும் அங்கும் ஓடும். 2 மி.மீ. விளிம்பில் அரை மி.மீ. கோணல் பளிச்சென்று தெரியும்.

விளிம்புத் தாளின் நடுவே 75 × 118 அளவுக்கு வெட்டி எடுத்துவிடுங்கள். வானத் தாள் அதை மறைத்துவிடும், ஒட்டுவதற்குச் சுற்றிலும் 10 மி.மீ. மிச்சம் இருக்கும். வெட்டியெடுத்த துண்டு வெள்ளையாகவே கிடைப்பதால், வாழ்த்து வரிக்கு 70 × 12 பட்டைகள் ஒன்பதை அதிலேயே எடுக்கலாம்.

மடிப்பு பற்றி ஒரு வார்த்தை. தாளின் இழை ஓடும் திசைக்கு இணையாக மடித்தால் வெடிக்காது. பெரும்பாலான ஏ4 அட்டைகளில் இழை நீளவாக்கில் ஓடும். மேலே சொன்ன வெட்டில் மடிப்பு அதற்கு இணையாகவே அமைந்துவிடும். முழு ஏ4ஐப் பாதியாக மடித்து ஏ5 அட்டை செய்பவர்களுக்குத்தான் மடிப்பில் நீலம் உதிர்ந்து வெள்ளை தெரியும் தொல்லை, ஏனென்றால் அங்கே மடிப்பு இழைக்குக் குறுக்கே விழுகிறது. சந்தேகம் இருந்தால் தாளை உடையாமல் இரு பக்கமும் வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் இணக்கமாக வளைகிறதோ அதுதான் மடிக்க வேண்டிய வாக்கு. போன் ஃபோல்டரால் கோடு அழுத்தும்போது பள்ளம் வெளிப்பக்கமும், அதன் மேடு உள்பக்கமும் வர வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

வளைவுக்குக் காரணம் பசை. வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது. அது இழைகளை ஊதவைத்து, காயும்போது சுருக்குகிறது. முன்பக்கத்தின் ஒரே முகத்தில் நான்கைந்து தாள் ஒட்டி, மறுமுகத்தை வெறுமனே விட்டால் ஒட்டிய பக்கம் இழுத்துக்கொள்ளும். தாள்களின் இழைத் திசை ஒன்றுக்கொன்று குறுக்காக இருந்தால் இழுப்பு இன்னும் மோசம். எல்லாத் தாளிலும் இழை 148.5 பக்கத்துக்கு இணையாக ஓடட்டும். மேலே சொன்ன ஏ4 கணக்கில் அப்படித்தான் வரும், திருப்பி வெட்டாமல் இருந்தால் சரி.

கருநீல அட்டைக்குள் எழுத எப்படியும் வெள்ளை உள்தாள் வேண்டும். அதைப் பின்பக்கத்தில் மட்டும் ஒட்டாமல், 120 ஜிஎஸ்எம்மில் 99 × 142 துண்டு ஒன்றை *முன்பக்கத்தின் உள்முகத்திலும்* ஒட்டுங்கள். இரு பக்க இழுப்பும் சமமாகிவிடும். விளிம்புத் தாளுக்கும் வானத் தாளுக்கும் 6 மி.மீ. டபுள் சைடு டேப் போதும், வெள்ளைப் பசையே வேண்டாம். ஒட்டி முடித்ததும், ஃபோம் வைப்பதற்கு முன், கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வையுங்கள்.

இனி கனம். தாள்கள் மட்டும், தோராயமாக:

அடி அட்டை இரு பக்கமும் சேர்த்து 0.8 மி.மீ. விளிம்புத் தாள் 0.2, வானத் தாள் 0.3, மூன்று மேடுகள் 0.6, உள்தாள் இரண்டும் 0.3, பட்டை 0.2. உறையின் இரு சுவர்கள் 0.3. மொத்தம் 2.7 மி.மீ. அளவு.

உங்களிடம் மிச்சம் இருப்பது இரண்டரைக்கும் குறைவு. 2 மி.மீ. ஃபோம் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வைத்தாலே ஆறரைக்கு மேல். 1 மி.மீ. ஃபோம் வாங்கி, முன் மேட்டுக்கு மட்டும் வையுங்கள். மொத்தம் மூன்றே முக்கால் அளவில் நிற்கும். வாழ்த்துப் பட்டையையும் 1 மி.மீ. ஃபோமில் தூக்கலாம், ஆனால் முன் மேட்டின் மேல் வைக்கக் கூடாது. வானத்தில் வையுங்கள், அப்போது இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. என் கருத்தில் எல்லாம் மிதக்கும் அட்டையில் எதுவும் மிதப்பதாகத் தெரியாது. ஒரே ஒரு அடுக்கு எழும்பினால்தான் நிழல் விழுந்து ஆழம் புலப்படும்.

நீலத்தாள்:

எம்பாஸிங்கை முன்னால் கொண்டுவந்ததும் வானம் சுத்தமாக வந்துவிட்டது, நன்றி. மூன்று மேடுகளும் இப்போது ஒரே வெள்ளைச் சுவர் மாதிரி தெரிகின்றன. எது முன்னால், எது பின்னால் என்றே தெரியவில்லை. மெஷின் இல்லாமல் விளிம்பு வெட்டுவது எப்படி?

கடதாசிப்பூ:

மெஷின் தேவையில்லை, மேட்டைக் கையால கிழியுங்கோ. 200 ஜிஎஸ்எம் வெள்ளைக் கடதாசியை 95 மி.மீ. அகலத் துண்டாக எடுத்து, உங்களுக்கு வேண்டின துண்டு மற்றக் கையில அசையாமல் இருக்க, கழிக்கிற பகுதியை உங்கட பக்கம் இழுத்துக் கிழித்தால் வேண்டின துண்டின்ர முகத்தில பஞ்சு மாதிரி ஓரம் வரும். எதிர்ப்பக்கம் தள்ளிக் கிழித்தால் வராது. சில கடதாசி மற்றமாதிரியும் நடக்கும், ஒரு கழிவுத் துண்டில பார்த்துப்போட்டுச் செய்யுங்கோ. பனிக்கு அந்தப் பஞ்சு ஓரம்தான் வடிவு. முன் மேட்டை மட்டும் கத்தரிக்கோலால வழுவழுப்பாக வெட்டினாலும் நல்லா இருக்கும், கத்தரியை அசைக்காமல் கடதாசியைத் திருப்பித் திருப்பி வெட்டவேணும்.

உயரம் பின் மேடு 60, நடு மேடு 42, முன் மேடு 25 மி.மீ. எண்டு வைக்கலாம். மூன்றும் சேர்த்து 127, ஆக 95 × 138 துண்டு ஒண்டுக்குள்ள ஒரு அட்டைக்குரிய மூன்று மேடும் அடங்கும். மேட்டின்ர உச்சி எல்லாம் ஒரே இடத்தில வரவிடாதேங்கோ. பின் மேடு இடப்பக்கம் உயர்ந்தால் நடு மேடு வலப்பக்கம் உயரட்டும்.

வெள்ளைச் சுவர் மாதிரித் தெரியிறதுக்கு நிழல் இல்லாததுதான் காரணம். கனபேர் மேட்டின்ர உச்சி விளிம்பில நீலம் தேய்க்கினம். அது பிழை. விளிம்பு வெள்ளையாக இருக்கவேணும். *பின்னுக்கு இருக்கிற* மேட்டின்ர கீழ்ப்பகுதியில, முன் மேடு வந்து மறைக்கப்போற கோட்டை ஒட்டி, டம்பிள்ட் கிளாஸ் மாதிரி வெளிர்நீலத்தை மெல்லிசாகத் தேயுங்கோ. அப்ப முன் மேட்டின்ர வெள்ளை விளிம்பு அந்த நீலத்துக்கு முன்னால எழும்பித் தெரியும். ஒட்ட முதல் மூன்றையும் சும்மா அடுக்கி வைச்சு, பென்சிலால மெல்லிய கோடு போட்டால் எங்க தேய்க்கிறதெண்டு தெரியும்.

வானத்திலயும் கீழ அடிவரை தேய்க்கத் தேவையில்லை. பின் மேடு 60 மி.மீ. மறைக்குது, மேலயிருந்து 90 மி.மீ. தேய்ச்சால் காணும். வெளிர் நிறத்தில தொடங்குங்கோ: அடிவானத்தில டம்பிள்ட் கிளாஸ், நடுவில ஃபேடட் ஜீன்ஸ், உச்சியில சிப்ட் சஃபையர். பிரஷ்ஷை நேரடியாகக் கடதாசியில குத்தினால் அந்த இடம் அழியாத வட்டமாகிப்போம். பக்கத்தில ஒரு கழிவுக் கடதாசியில சுழற்றத் தொடங்கி, சுழற்றினபடியே உள்ளுக்குக் கொண்டுவாங்கோ.

மரங்களுக்கு ஒரே ஸ்டாம்ப், ஒரே இங்க் போதும். முன் மேட்டு மரத்தை நேராக அடியுங்கோ. நடு மேட்டுக்கு, ஸ்டாம்பில இங்க் வைச்சு முதல்ல கழிவுக் கடதாசியில ஒருக்கா அடிச்சுப்போட்டு, திரும்ப இங்க் வைக்காமல் மேட்டில அடியுங்கோ. நிறம் அரைவாசியாகத் தெரியும். பின் மேட்டுக்கு ரெண்டுதரம் கழிவில அடிச்சுப்போட்டு. தூரம் தானாக வந்திடும். எல்லா அடியும் ஒட்ட முதல், மேடு தட்டையாகக் கிடக்கேக்க. ஃபோம் வைச்ச பிறகு ஸ்டாம்ப் அடிச்சால் நடுவில அமுங்கி அரைவாசி மரம்தான் விழும்.

உங்கட பனித்துகள் ஸ்டாம்பில எத்தனை கரம் எண்டும் ஒருக்கா எண்ணிப் பாருங்கோ. எட்டுக் கரத்தோட கன ஸ்டாம்ப் விக்கினம். ஐஸ் படிகம் அறுகோணமாகத்தான் கட்டுப்படும், எட்டுக்கு இடமேயில்லை. அமெரிக்காவில வெர்மான்ட்டைச் சேர்ந்த வில்சன் பென்ட்லி 1885 தொடக்கம் நுணுக்குக்காட்டி வழியாக எடுத்த படங்களைப் பாத்தாலே தெரியும். கடதாசியை மடிச்சு வெட்டுற ஆக்களுக்கும் இதே பிழை வரும்: சதுரத்தைப் பாதி, கால், அரைக்கால் எண்டு மடிச்சால் நாலோ எட்டோதான் வரும். பாதியாக மடிச்ச பிறகு, மடிப்பின்ர நடுப்புள்ளியில இருந்து 60 பாகையாக மூண்டாக மடியுங்கோ, பிறகு ஒருக்காப் பாதி. வெட்டி விரிச்சால் ஆறு.

மைவிரல்:

அரைமில்லி சொன்ன டேப் விஷயத்துல எனக்கு ஒரு சின்ன மறுப்பு. டேப் மட்டும் போட்டா வச்ச இடத்துல வச்சதுதான், நகர்த்தவே முடியாது. 2 மி.மீ. விளிம்புக்கு 40 தடவையும் குறி தப்பாம வைக்கறது எல்லாருக்கும் வராது. டேப் பேப்பரை உரிச்ச பிறகு, அதுமேல ரெண்டு மூணு இடத்துல கடுகளவு திரவப் பசை வைங்க. கொஞ்ச நேரம் வழுக்கும், அதுக்குள்ள நேராக்கிடலாம். அவ்வளவு பசைக்கு வளையாது.

அரைமில்லி:

கடுகளவு என்றால் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஓரத்தை ஒட்டாமல் சற்று உள்ளே வையுங்கள், அழுத்தும்போது வெளியே பிதுங்காது. ஃபோம் டேப்பையும் இதேபோல விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே தள்ளி ஒட்டுங்கள். துண்டு துண்டாகப் புள்ளி வைக்காமல் மேட்டின் நீளத்துக்கு ஒரே பட்டையாக வையுங்கள். புள்ளிகளுக்கு இடையே தாள் தொய்ந்து, தபால் இயந்திரத்தில் போகும்போது அங்கே கோடு விழுந்துவிடும்.

எழுத்தச்சு:

தமிழ் வாழ்த்து வரிக்கு இரண்டு வழி உண்டு. ரப்பர் ஸ்டாம்ப் செய்துதரும் கடைக்குக் கொடுப்பதானால், எழுத்தாகத் தட்டச்சு செய்து அனுப்பாதீர்கள். அவர்களுடைய மென்பொருள் தமிழ் யுனிகோடை ஒழுங்காகக் கையாளவில்லையென்றால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி தனியாக மிதக்கும். அதைப் பார்த்துத் தவறென்று சொல்லக் கடையில் தமிழ் தெரிந்தவர் இருக்க மாட்டார். இங்க்ஸ்கேப் போன்ற நிரலில் தட்டச்சு செய்து, எழுத்துகளைக் கோட்டுருவாக மாற்றி, பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். பிறகு எந்தக் கணினியில் திறந்தாலும் அப்படியே நிற்கும். இடவலம் திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம், அதை அவர்களே செய்துகொள்வார்கள்.

12 மி.மீ. பட்டைக்கு எழுத்தை 16 புள்ளி அளவில் வைக்கலாம். தடித்த எழுத்துருவைத் தவிர்த்துவிடுங்கள். ற, ண, ஞ ஆகியவற்றின் உள்சுழிகள் இங்க்கில் அடைபடும், எம்பாஸிங் பவுடர் உருகும்போது இன்னும் அடையும். கோடு ஒரே தடிமனாக ஓடும், சுழி அகலமான எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, மிக நுண்ணிய எம்பாஸிங் பவுடரைப் பயன்படுத்துங்கள். ‘சூப்பர்ஃபைன்’ என்ற பெயரில் விற்பது அதுதான்.

40 அட்டைக்கு மட்டும் என்றால் ஸ்டாம்பே தேவையில்லை என்பேன். லேசர் பிரின்டரில் வரிகளை வரிசையாக அச்சிட்டுப் பட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். வெள்ளி மினுமினுப்பு வேண்டுமானால், அச்சின் மேல் டோனர் ஃபாயில் (லேசர் பிரின்டரின் மைத்தூளான டோனரில் ஒட்டும் மினுமினுப்புத் தாள்) வைத்து, மடித்த தாளுக்குள் செருகி லேமினேட்டரில் விட்டு, ஆறியதும் உரித்தால் எழுத்தில் மட்டும் ஒட்டியிருக்கும். டோனர் சூட்டில் இளகுவதால்தான் இது நடக்கிறது. ஆகவே இங்க்ஜெட் அச்சில் ஒட்டாது. கடையில் போட்டோகாப்பி எடுத்த தாளிலும் டோனர்தான், அதுவும் சரிவரும்.

நீலத்தாள்:

லேசர் வழியே போகிறேன். ஒரு கடைசிக் கேள்வி. பனிமேட்டின் மேல் கிளிட்டர் தூவலாமா?

கடதாசிப்பூ:

தூவாதேங்கோ. கிளிட்டர் போட்ட அட்டையைக் கடதாசி மறுசுழற்சியில எடுக்க மாட்டினம், உறைக்குள்ள உதிர்ந்து எழுத்தெல்லாம் அப்பும். மினுங்கவேணுமெண்டால் முன் மேட்டின்ர விளிம்பில வெர்சாமார்க்கை விரலால மெல்லிசாகப் பூசி, நிறமில்லாத பவுடரைப் போட்டு உருக்குங்கோ. உறைபனி மாதிரி மினுங்கும். ஃபோம் ஒட்ட முதல் செய்யவேணும், ஃபோமுக்குச் சூடு ஆகாது.

அரைமில்லி:

முடித்த முதல் அட்டையை உறையில் போட்டுவிட்டு, வேறொரு அட்டையில் 5 மி.மீ. அகலத்துக்கு ஒரு பிளவு வெட்டி அதன் வழியே நுழைத்துப் பாருங்கள். அழுத்தித் தள்ளாமல் தானாக வழுக்கிப் போக வேண்டும். எங்காவது மாட்டினால் மிச்சம் 39க்கு ஃபோம் வெட்டுவதற்கு முன்னே தெரிந்துவிடும்.